‘அதிக ஆபத்துள்ள ஓட்டுநர்’ என்ற குறிப்பை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கி. ஷெர்லி (வயது 43),
க/பெ. கிருபாகரன் (மறைவு),
14/3, கீழத்தெரு, முத்தையாபுரம்,
தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: வாடகைக் கார் ஓட்டிய என் கணவரின் விபத்துக் காப்பீடு அவர் அறியாமல் நீக்கப்பட்டது, இழப்பீடு மறுக்கப்பட்டது, அவரைப் பற்றி நிறுவனம் எழுதியுள்ள குறிப்பு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் கணவர் பத்தொன்பது ஆண்டுகள் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். கடந்த 11.08.2025 அன்று சாலை விபத்தில் இறந்துவிட்டார்.

2. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அவர் மூன்று முறை காப்பீட்டுத் தொகை கோரியது உண்மை. முதல் முறை, துறைமுகச் சாலையில் ஓரமாக நிறுத்தியிருந்த காரின் மீது கன்டெய்னர் லாரி பின்னால் வந்து இடித்தது. இரண்டாவது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வாசலில் நின்ற கார் மூழ்கியது. மூன்றாவது, குறுக்கே வந்த மாட்டுக்காக ஒடித்துத் திருப்பியதில் மரத்தில் மோதியது. மூன்றில் இரண்டு முறை அவர் வண்டிக்குள்ளேயே இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

3. ஆயினும் 2025 மார்ச்சில் புதுப்பிக்கச் சென்றபோது பிரீமியம் ஏறக்குறைய இரு மடங்கு கேட்கப்பட்டது. வேறு இரண்டு நிறுவனங்கள் முழுக் காப்பீடு தரவே மறுத்தன. முகவர் திரு. அற்புதமணி, வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டை விட்டுவிட்டால் குறையும் என்றார். என் கணவர் அதற்கு மட்டுமே சம்மதித்தார்.

4. இனி எழுதுவதை மறைத்தால் இந்த மனு எனக்குச் சாதகமாக இருக்கக்கூடும். மறைக்க மனம் இடம் தரவில்லை. புதுப்பிப்பு முடிந்த அன்று என் கணவர் கைப்பேசியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுச் சவாரிக்குப் போயிருந்தார். முகவர் அழைத்து, “அக்கா, அண்ணாச்சி நம்பருக்கு ஒரு ஓ.டி.பி வந்திருக்கும். அதைச் சொல்லுங்க, வேலை முடிஞ்சிரும்” என்றார். நான் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. என் கணவருக்கு வேறு விபத்துக் காப்பீடு இருப்பதாகவும், அதனால் வண்டிக் காப்பீட்டோடு சேர்ந்து வரும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு தேவையில்லை என்றும் உறுதி கூறும் படிவத்துக்கான எண் அது என்று அவர் இறந்த பின்புதான் எனக்குத் தெரிந்தது. அப்படி வேறு காப்பீடு எதுவும் அவருக்கு இருந்ததில்லை. அந்த வேறு காப்பீட்டின் எண்ணை நிரப்ப வேண்டிய கட்டம் அந்தப் படிவத்திலேயே வெறுமையாக உள்ளது. நிறுவனத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

5. விபத்து நடந்த நாளில் அவர் காயல்பட்டினத்தைச் சேர்ந்த திரு. யூசுப் அவர்களை வாகைக்குளம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நண்பகல் நேரம். முன் டயர் வெடித்துக் கார் பாலச் சுவரில் மோதியது. டயர் வெடித்ததே காரணம் என்று வாகன ஆய்வாளர் எழுதியிருக்கிறார். ஜித்தாவிலிருந்து திரு. யூசுப் அனுப்பிய கடிதத்தையும் இணைத்துள்ளேன். இறங்கும்போது அவர், “பைய போங்க அண்ணாச்சி” என்றாராம். “நான் என்னைக்கு வேகமாப் போனேன்?” என்று என் கணவர் சிரித்தாராம். அவர் கடைசியாகப் பேசியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

6. வேறு வாகனம் மோதாததால் அந்த ஒரு காப்பீடு மட்டுமே எங்களுக்குக் கிடைத்திருக்கும். ‘காப்பீடு செய்தவரே ஓ.டி.பி மூலம் உறுதி செய்துள்ளார்’ என்று கூறி நிறுவனம் 14.11.2025 அன்று மறுத்தது. மேல்முறையீட்டுக்கும் அதே பதில்தான். உறுதி செய்தது அவர் அல்ல, ஒன்றும் அறியாத நான்.

7. திரு. அற்புதமணி என் வீட்டுக்கு வந்து அழுதார். “எப்படியாவது குறைச்சுக் கொடுக்கணும்னு நானே டிக் போட்டுட்டேன் அக்கா. முந்நூறு ரூவாச் சொச்சம்தான் குறைஞ்சுது” என்றார். அதை எழுதிக் கையெழுத்திட்டும் தந்தார். அதனால் அவருடைய முகவர் உரிமம் போகும் என்று தெரிந்தே தந்தார். அவர் மீது நடவடிக்கை வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று கேட்கவும் வரவில்லை.

8. மறுப்புக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் என் கணவரை ‘ஹை ரிஸ்க் டிரைவர்’ என்று குறிப்பிட்டுள்ளனர். பதினோராம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் ஜெனிஸ் அதை வாசித்துவிட்டு, “அப்பாக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியாதாம்மா?” என்று கேட்டாள். பத்து ஆண்டுகள் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போன பிள்ளை, ஒரு தாளைப் பார்த்துச் சந்தேகப்பட்டுவிட்டாள். நான் சொன்ன எந்தப் பதிலும் அவளிடம் எடுபடவில்லை.

ஆகவே ஐயா அவர்கள், என் வாக்குமூலத்தையும் முகவரின் வாக்குமூலத்தையும் ஏற்று இழப்பீடு வழங்க உத்தரவிடவும், மேற்படி குறிப்பை நிறுவனத்தின் ஆவணங்களிலிருந்து நீக்கவும், எதை நீக்குகிறோம் என்பதை வண்டி உரிமையாளரிடம் தமிழில் வாசித்துக் காட்டாமல் இத்தகைய படிவங்களை ஏற்கக் கூடாது என்று அறிவுறுத்தவும் மன்றாடுகிறேன். தங்கள் உத்தரவு எதுவானாலும் தமிழில் தரும்படி வேண்டுகிறேன். அதை முதலில் வாசிக்கப் போவது என் மகள்தான்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 19.01.2026

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கி. ஷெர்லி

இணைப்பு: இறப்புச் சான்று, வாகன ஆய்வாளர் அறிக்கை, காப்பீட்டுப் படிவ நகல், மறுப்புக் கடிதங்கள் இரண்டு, திரு. அற்புதமணி வாக்குமூலம், திரு. யூசுப் கடிதம்.