ஆட்டுக்கு விட்ட இடம்

சென்ற வியாழக்கிழமை காலை ஒரு தீர்மானம் நிறைவேறியது. இந்த வாரச் சித்திரக்கதையில் இடப்பக்கம் வெள்ளையாகவே விடப்படும். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

உம்முடைய வீட்டார் தந்துவிட்டுப் போன, நீர் படம் கீறும் மை போத்தலைத் திறந்திருந்தேன். அந்த மணம்தான் கூட்டத்தைக் கூட்டியது.

எங்கள் கதையில் ஓர் ஆடும் ஒரு காகமும் ஊர்காவற்றுறையில் காரைநகர்ப் படகுக்குக் காத்து நின்று நாட்டு நடப்புப் பேசும். படகு வராது. காகம் என்ன சொல்லப்போகிறது என்று முதல்நாள் தொலைபேசியில் கேட்பீர். கேட்ட பிறகுதான் ஆட்டின் முகத்தைக் கீறுவீர். தாளில் வலப்பக்கத்தை எனக்கு விட்டு, உம்முடைய ஊர் சரவணையிலிருந்து சைக்கிளில் கொண்டு வருவீர். நான் அதை ஸ்கேன் செய்து, டேப்லெட்டில் காகத்தைச் சேர்ப்பேன்.

"உம்மட காகத்துக்கு முள்ளந்தண்டு இல்லை. அழிச்சுப்போட்டுத் திரும்பக் கீறலாம் எண்ட துணிவு," என்பீர்.

"உம்மட ஆட்டுக்கு மை ஊறி அஞ்சாவது கால் முளைச்சிருக்கு."

"அது வால். வடிவாப் பாரும்."

பறக்கச் செட்டை உள்ள காகம் ஏன் படகுக்கு நிற்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் நீண்ட அரசியல் விளக்கம் ஒன்று எழுதினேன். வாசித்துவிட்டு நீர் சொன்னீர்: "இவ்வளவும் ஏன்? ஆடு தனிய நிக்குமெல்லோ எண்டு எழுதிவிடும்."

உம்முடைய செத்தவீடும் எட்டுச்செலவும் முடிந்ததும் பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். "பழைய ஆடுகள் உங்களிட்ட நிறையக் கிடக்குத்தானே. ஒண்டை எடுத்து ஒட்டிவிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

ஒட்டிப் பார்த்தேன். ஓர் ஆடு சிரித்தது. ஒன்று கொட்டாவி விட்டது. ஒன்று என்னை முறைத்தது, அதற்குக் காரணமும் இருந்தது. எல்லாம் நான் எப்போதோ சொன்னவற்றுக்கு நீர் தந்த பதில்கள். இனிச் சொல்லப்போவதைக் கேட்டபடி ஓர் ஆடும் நிற்கவில்லை.

காகத்தின் வசனத்தை இப்போதும் முதல்நாளே எழுதிவிடுகிறேன். எழுதியதும் கை தொலைபேசிக்குப் போகிறது. அந்தப் பழக்கம் மட்டும் உம்மோடு போகவில்லை.

காகத்தை வலப்பக்கத்தில் அதன் வழக்கமான இடத்திலேயே நிறுத்தி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் பாதி அகலத்தில் வெளிவந்தது. மிச்ச இடத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் விளம்பரம் போட்டிருந்தார்கள்.