காரைப் பார்க்க வருகிறவர்

என்னங்க,

பேட்டரி ஆட்டோவில் கடைக்குப் போகிறேன். நீங்கள் அதைப் பொம்மை வண்டி என்கிறீர்கள். பொம்மை தினமும் கிளம்புகிறது. உங்கள் கார் நல்ல நாள் பார்த்துத்தான் கிளம்பும். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. நேற்றுச் சண்டை போட்டது என்னோடுதான், சாப்பாட்டோடு அல்ல.

பத்து மணிக்குக் காரை விலை பேச ஒருவர் வருவார். நான்தான் வரச் சொன்னேன். சாவி ஆணியில் தொங்குகிறது. நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். போன தடவை வந்தவரிடம் கதவு மூடாததையும் மழைக்கு ஒழுகுவதையும் நீங்களே ஒப்பித்தீர்கள். அவர் பாவப்பட்டு, உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பி.கு.: விடிந்ததும் நீங்கள் காரைத் துடைத்துக்கொண்டே அதற்கு ஏதோ சமாதானம் சொன்னதை ஜன்னலில் பார்த்தேன். எனக்கு ஒரு நாளாவது அப்படிச் சொன்னதுண்டா? சரி, போகட்டும். விற்க மனமில்லையென்றால், வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லாதீர்கள். என் பிறந்த வீட்டு வியாபாரத்தில் அந்த வார்த்தையே கிடையாது. இரண்டு மடங்கு விலை சொல்லுங்கள், தானாகப் போய்விடுவார்.

இன்னொன்று. அந்த விலைக்கும் அவர் சரியென்றுவிட்டால், "வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்கணும்" என்று சொல்லுங்கள். சாயங்காலம் வரை நான் போனை எடுக்க மாட்டேன்.