பேத்தியின் போர்வையில் ஒரு மூலை

என் மனைவிக்கு,

கண் தெரியாதவன் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். என் கையாலேயே எழுதுகிறேன். நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

கைக்குழந்தையான நம் பேத்திக்கு, இந்தத் தையல் பட்டறையில் நானே துண்டுத்துணிகளைச் சேர்த்து என் முதல் போர்வையைத் தைத்து முடித்தேன். தினமும் அதன்மேல் புரளும் பட்டறை நாய், ஒரு மூலையில் மட்டும் படுக்காமல் விலகியது. (துவைத்துத்தான் அனுப்புவேன், முகம் சுளிக்காதே.)

"நாய்க்கே உங்க தையல் பிடிக்கலையா தாத்தா?" என்று பக்கத்து மிஷின் பெண் சிரித்தாள்.

எனக்குக் காரணம் தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. அழுத்தித் தடவினேன். பஞ்சுக்குள் என் ஊசி இருந்தது. எடுத்துவிட்டேன், பயப்படாதே. நாய்க்கு என் ரொட்டியில் பாதி கொடுத்தேன்.

பிரித்ததில் அந்த மூலைத் துணி கிழிந்துவிட்டது. உன் பழைய புடவையில் ஒரு சாண் அனுப்பு. எந்தப் புடவை என்று சொல்லாதே. தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறேன்.

வேலைக்கு நேரமாயிற்று. நாய் அந்த மூலையில் படுத்ததா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்