முத்திரை பிடித்த இடம்

13-6-1971, ஞாயிறு

இன்று மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள்: இவர், நான், மகள் மதனவதி, இவரோடு கல்லூரியில் சரித்திரம் நடத்தும் ஷபியுல்லா சார், அவர் மனைவி சித்தாரா. வேறு யாருமில்லை. 'இவர்' என்று எழுதினால் என் வீட்டுக்காரர் என்பது இந்த நோட்டுக்குத் தெரியும். ஆட்களைக் குறித்து வைப்பது எதற்கென்றால், இத்தனை பேர் முன்னால் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் புதிதாக ஆராய்ச்சிப் பதிவு என்று ஒன்று தொடங்குகிறார்களாம். எந்தக் கல்லூரி ஆசிரியர் என்ன கட்டுரை எழுதினார், எந்தப் பத்திரிகையில் எந்த வருஷம் அச்சாயிற்று என்பதையெல்லாம் ஒரு கட்டுரைக்கு ஒரு அட்டையாக எழுதி அனுப்ப வேண்டும். அதை வைத்துப் பட்டியல் தயாரிப்பார்கள். இனிமேல் பதவி உயர்வோ வேலை நிரந்தரமோ, அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான்.

"ரெண்டு பேர் சேர்ந்து எழுதினதுக்கு ஒரே அட்டைதான். மூத்தவர் அனுப்பணும். முதல் வரியில ரெண்டு பேர் பேரும் வரணும்" என்றார் ஷபியுல்லா சார். இவரும் அவரும் சேர்ந்து எழுதியவை ஆறு, எல்லாம் நவாபு காலத்தில் நெசவாளரிடம் வாங்கிய தறி வரியைப் பற்றி. பாரசீகப் பத்திரங்களை அவர் படிப்பார், கல்வெட்டுகளை இவர் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தக் கூடத்தில்தான்.

அட்டை யார் எழுதுவது என்று பேச்சு வந்தது. "பாபி எழுத்து அச்சு மாதிரி இருக்குது. அண்ணா எழுதினா பல்கலைக்கழகமே கண்ணாடி வாங்கணும்" என்றார் அவர். பாபி என்றால் அவர்கள் பாஷையில் அண்ணி, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மதனவதியின் பாடப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்ட இங்கிலீஷ். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் முதல் வரியில் பெயர் எழுத வேண்டுமே. இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதும் இல்லை. மார்ச் மாதம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் நின்றுகொண்டு கேட்டபோதுகூட, மதனவதி குளித்துவிட்டு வரும்வரை அவரைக் காக்க வைத்தேன். அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. நான் மட்டும் சொல்றேனாக்கும்? 'ஏங்க'ன்னு கூப்பிட்டா தெருவுல நாலு பேரு திரும்பறாங்க" என்றாள் சித்தாரா.

ஷபியுல்லா சார்தான் வழி சொன்னார். "அண்ணாகிட்ட ரப்பர் ஸ்டாம்பு இருக்குதே பாபி. அடிச்சா எழுதினதா ஆகாது!"

15-6-71

அட்டைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் எண் போட்டு, கல்லூரி முத்திரையும் வைத்து எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கெட்டால் காரணம் எழுதி அலுவலகத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பருப்பு டப்பாக்கள் பக்கம் வைக்காமல், சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

19-6-71, சனி

எண்ணெய் காய்ந்ததும் முறுக்கு முழுவதையும் பிழிந்து போடுவதுபோல, மை காய்வதற்குள் எல்லா அட்டையிலும் முத்திரையை அடித்து முடித்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன். தறி வரிக் கட்டுரை வந்ததும் கை நின்றது. இவர் முத்திரை பெயரோடு நிற்கவில்லை. பட்டம், பதவி, கல்லூரி எல்லாமாகச் சேர்ந்து அந்த வரி முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஷபியுல்லா சார் பெயருக்கு இடமே இல்லை.

இரண்டாவது வரி தலைப்புக்கு. வேறு எங்கும் எதுவும் எழுதக் கூடாதென்று அச்சடித்தே இருக்கிறது.

அலுவலகத்தில் கேட்டு ஆறு அட்டை வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். 'அச்சு மாதிரி எழுத்து' என்று சொன்ன வாய்க்கு, ஆறு அட்டையைக் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? சாயந்திரம் கேட்டுக்கொள்ளலாம் என்று தலைப்பை எழுதிவிட்டேன். சாயந்திரம் கேட்கவில்லை.

20-6-71

இன்றும் கேட்கவில்லை.

நேற்று எழுதாமல் விட்ட ஒன்றை இன்று எழுதுகிறேன். அந்த வரியில் இவர் முத்திரை மட்டும் நின்றதைப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. போன வருஷம் கல்லூரி விழாவில் முதல்வர், "பாரசீகம் தெரிந்தவர் இல்லையென்றால் இந்த ஆராய்ச்சி ஏது?" என்று ஷபியுல்லா சாரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை போலிருக்கிறது. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

22-6-71

இவர் ஒன்றைக்கூடப் படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்." கல்லூரிப் பியூன் வீரபாகு வந்து கட்டி எடுத்துக்கொண்டு போனார். சொல்லிவிட வாய்வரை வார்த்தை வந்தது. திரும்பிவிட்டது.

18-7-71, ஞாயிறு

சித்தாரா பலாச்சுளை கொண்டுவந்தாள். போன தடவை அவள் கொடுத்ததில் தேன் ஊற்றியிருந்தது, எங்கள் ஜைன வழக்கத்தில் தேன் தொடமாட்டோம். அதை நினைவு வைத்துக்கொண்டு இன்று, "தேன் இல்லேக்கா, கழுவின பாத்திரம்தான்" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி ஷபியுல்லா சாருக்கு நேர்முகமாம். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்தத் தடவை நிரந்தரமாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

"அஞ்சு கட்டுரையாவது வேணுமாம்க்கா. இவுரு தனியா எழுதினது ரெண்டு, அண்ணாவோட ஆறு, எட்டு இருக்குது. பயமில்லேன்னாரு."

கையிலிருந்த பலாச்சுளையைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

7-8-71

பட்டியல் வந்துவிட்டது. இவர் பெயரில் பதினான்கு. ஷபியுல்லா சார் பெயரில் இரண்டு.

இவர் சைக்கிளை நிறுத்தினதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கேட்டார். "தறி வரியில ஷபி பேரு எங்கே?"

சொன்னேன். முத்திரை, இடம், அட்டை எல்லாம் சொன்னேன். நிறைவாக இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். பிறகு, "கீழே கையெழுத்து என்னுது. இப்போ போய்ச் சொன்னா, திருடிட்டுப் பயந்து திருப்பிக் கொடுக்கறான்னுதான் பேசுவாங்க. துறைத்தலைவர் வேலைக்கு என் பேரு போயிருக்குது இந்த நேரத்துல. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

"அவருக்குத் தெரியுமா?"

"பட்டியலை ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பார்த்தோம்."

"என்ன சொன்னார்?"

"வகுப்பு இருக்குதுன்னு போயிட்டான்."

8-8-71, ஞாயிறு

ஷபியுல்லா சார் வரவில்லை. கூடத்தில் பாய் விரித்து வைத்திருந்தேன். பாயைச் சுருட்டினது மதனவதி.

14-8-71

மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தாரா. என்னைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

"அண்ணா நல்லா இருக்காராக்கா?"

"இருக்கார்."

"இவுரு 'அண்ணாவுக்கு என்ன கஷ்டமோ'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அதுக்குப் பதிலா நாலு திட்டு திட்டியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்கும்." காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேலை போச்சுன்னா ஆம்பூர்ல மாமா தோல் மண்டிக்குக் கணக்கு எழுதப் போவாராம். பாரசீகம் படிச்சுட்டு."

அண்ணா இல்லையம்மா, நான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வெண்டைக்காய் நுனியை ஒடித்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர், "எல்லாத்தையும் ஒடிச்சா யாருமா வாங்குவாங்க?" என்று சத்தம் போட்டார். அவர் திட்டினது தேவலையாக இருந்தது.

இப்போது என் தப்பு இரண்டாகிவிட்டது. அவர்கள் இவரைத் திருடன் என்று நினைக்கிறார்கள். நான் நினைக்க விட்டுக்கொண்டிருக்கிறேன்.

25-8-71

தசலட்சண நோன்பு தொடக்கம். பத்து நாள் ஒருவேளை சாப்பாடு. திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்கு நடந்தே போய்வந்தேன்.

27-8-71

பத்து நாளுக்கும் பத்து தர்மம். மூன்றாம் நாளாகிய இன்று நேர்மைக்கு உரியது. மனசில் ஒன்று, வாயில் ஒன்று, கையில் ஒன்று என்றில்லாமல் இருப்பது. கோயிலில் நோன்புப் புத்தகம் வாசிக்கும் காந்தா அம்மாள் எல்லாருக்கும் படித்துச் சொன்னாள். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். என் நெஞ்சு தறியில் சிக்குப் பிடித்த பாவு நூல்போல் இருக்கிறது. எந்த இழையை இழுத்தாலும் வேறொன்று இறுகுகிறது.

பட்டினி கிடக்கிறேனே ஒழிய விரதம் இருக்கவில்லை.

29-8-71, ஞாயிறு

இவரிடம் பேசினேன். மதனவதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான்.

"நாளைக்கே சொல்லிடுங்க. என் தப்புன்னு சொல்லுங்க."

"பொண்டாட்டி தப்புன்னு சொல்லிக்கினு போய் நிக்கவா? என்னைவிடக் கேவலம் எவன் இருப்பான்?"

"அவருக்கு வேலை போயிடும்."

"எனக்குத் தெரியாதா? அவன் எனக்குத் தம்பி மாதிரி."

"தம்பிக்கு இப்படித்தான் செய்வாங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரை இப்படிக் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

2-9-71

இவர் ஆறு புது அட்டைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். என்னிடம் பேசாமலிருந்தாலும் கேட்டு வாங்கித்தான் வந்திருக்கிறார். மனசு குளிர்ந்தது, ஒரு நிமிஷம்.

"திருத்தம்னா புது அட்டையாம். முத்திரை செல்லாது. கையால எழுதணுமாம், முதல்ல எழுதினவங்களே."

"நீங்களே எழுதிடுங்களேன்."

"முதல்ல எழுதினது நீதானே? உன் தப்புன்னு நீதானே சொன்னே? எழுது. நான் தடுக்கலே." செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். "என் பேரை எழுத உனக்குக் கை வருமா?"

வராது என்று தெரிந்துதான் கேட்டார். என் பக்தியைக் கதவாக வைத்துப் பூட்டப் பார்க்கிறார். கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? நானும் இத்தனை நாளாக அதே கதவுக்குப் பின்னால்தானே நின்றேன்?

3-9-71

அட்டைகள் மேஜைமேல் அப்படியே இருக்கின்றன.

5-9-71, ஞாயிறு

எழுதிவிட்டேன்.

காலையில் குளித்து, பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். ஆறு தரம் எழுதினால்? – இப்படிக் கேட்பதே பாவம். ஒருத்தர் பிழைப்பைக் குறைத்துவிட்டு இன்னொருத்தர் ஆயுசைப் பற்றி நான் பேசலாமா?

முதலில் ஷபியுல்லா சார் பெயரை எழுதினேன், இடம் போதாமல் போய்விடக் கூடாதென்று. பக்கத்தில் இவர் பெயர். முதல் எழுத்தைப் போட்டதும் உள்ளே இவர் பலமாகத் தும்மினார். எனக்கு உயிரே போய்விட்டது. பேனாவை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லே" என்று வந்து மீதி எழுத்துகளை எழுதினேன்.

மதனவதி எட்டிப் பார்த்துவிட்டாள். "அம்மா! அப்பா பேரையா எழுதிக்கினு இருக்கே!"

"கத்தாதே. மை தெறிக்கும்."

ஆறையும் இவர் முன்னால் வைத்தேன். முதல் அட்டையை வெகுநேரம் பார்த்தார். தன் பெயரை முதல் தடவை பார்ப்பதுபோல. "எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார். பேனாவைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டார்.

6-9-71, திங்கள்

நோன்பு முடிந்து மன்னிப்புக் கேட்கும் நாள். வழக்கமாக எங்கள் ஜனங்கள் வீடுவீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள் என்போம். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன வார்த்தை. இன்று அந்த வார்த்தையை எடுக்காமல் ஷபியுல்லா சார் வீட்டுக்குப் போனேன். இவரும் வந்தார். தெருமுனைவரைதான் வருவார் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளேயே வந்தார்.

அட்டைகளைப் பார்க்கக் கொடுத்துவிட்டு எல்லாம் சொன்னேன். தெரியாமல் முதலில் செய்தேன், தெரிந்து பிறகு விட்டேன். நிறைவாக இருந்ததையும் சொன்னேன். இவருக்கே அது புதுசு. இவர் தலையை நிமிர்த்தவில்லை.

ஷபியுல்லா சார் அட்டைகளைப் புரட்டினார். "ஸ்டாம்பு யோசனை என்னுதுதானே பாபி" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இவர் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணா. அன்னிக்கே" என்றார்.

"சொல்லியிருக்கணும் ஷபி" என்றார் இவர்.

சித்தாரா சுவரில் சாய்ந்து நின்றாள். "மார்க்கெட்ல என் பக்கத்துலதானே நின்னீங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தோம். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

நேர்முகத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அட்டை மட்டும் போனால் எந்தக் காகிதக் கட்டில் போய்ச் சேருமோ, கூடவே ஒரு கடிதம் வேண்டும் என்றார் இவர். தான் எழுதுவதாகவும் சொன்னார். சேர்ந்து எழுதலாம் என்றேன்.

7-9-71

இன்று பதிவுத் தபாலில் போனது. நகல்:

ஆராய்ச்சிப் பதிவு அலுவலர் அவர்களுக்கு வணக்கம். நவாபு காலத்துத் தறி வரி பற்றிய ஆறு கட்டுரைகளும் திரு. ஷபியுல்லா அவர்களும் என் கணவர் திரு. பத்மராஜ் அவர்களும் சேர்ந்து எழுதியவை. அட்டை எழுதிய நான் ஷபியுல்லா அவர்கள் பெயரை விட்டுவிட்டேன். பிழை என்னுடையது. திருத்திய அட்டைகள் ஆறும், என் கணவரின் ஒப்புதலும் இத்துடன் உள்ளன. வரும் 15-ஆம் தேதி ஷபியுல்லா அவர்களுக்கு நேர்முகம். அதற்குள் பட்டியல் திருந்தியதாக ஒரு வரி வந்தால் அவர் கையில் கொடுத்தனுப்புவேன். தபால்தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.