கேள்வி 23

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

கடைசி சர்வே படிவமும் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள், அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை வீடு வீடாக நானே போய்க் கேட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஓசூரில் தம்பிக்கு போன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பான்.

புள்ளிவிவர சாஃப்ட்வேர், இலவசப் பதிப்பு. இன்னும் 6 நாள், அப்புறம் திறக்காது. அதற்குள் பிஎச்.டி.யின் நாலாம் இயலுக்கு அட்டவணைகள். ஆய்வேடு கொடுக்க ஏற்கெனவே ஒருமுறை கெடு நீட்டித்தாச்சு. இனிக் கிடையாது.

வாங்க: தயிர், எலுமிச்சை, ஏ4 தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

காலேஜ் மதியத்தோடு விட்டாச்சு. மேனாம்பேட்டில் வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் பள்ளம்.

சாஃப்ட்வேர் பயந்த அளவு இல்லை. எல்லாம் மெனு. ‘அனலைஸ்’ அமுக்கினால் பட்டியல் இறங்குகிறது, அதிலிருந்து இன்னொன்று பக்கத்தில் விரிகிறது. இந்தப் பெட்டியிலிருக்கும் கேள்வியை அந்தப் பெட்டிக்குத் தள்ளி, ஓகே. கண் இமைப்பதற்குள் அட்டவணை.

வயது, சம்பளம், ஷிப்ட்: எல்லாம் எதிர்பார்த்தபடி. கேள்வி 23-ஐப் பார்த்துத்தான் தூக்கிவாரிப் போட்டது. ‘வேலை விஷயம் தவிர, நேற்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?’ தனியாகக் குடியிருக்கும் பெண்கள், குடும்பத்தோடு இருப்பவர்களைவிடப் பல மடங்கு பேரிடம் பேசுகிறார்களாம். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதேதான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆய்வில் இப்படி ஒன்று கிடைக்கத்தான் எல்லோரும் தவம் கிடக்கிறார்கள். எனக்கு என்னவோ அழுகை வந்தது. அப்படியென்றால் தனியாக இருப்பதில் கோளாறு இல்லை, கோளாறு என்னிடம்தான்.

தண்ணீர் மோட்டார் போட இறங்கியபோது வீட்டுக்காரம்மா: “இன்னா டீச்சர், யார்னா வந்துகிறாங்களா? பேச்சுக் கொரல் கேக்குதே.” டிவி என்றேன். என் வீட்டில் டிவி கிடையாது. கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

கைடு லலிதா மேடத்திடம் அட்டவணையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ரொம்பப் புதுசாக இருக்கிறது, இதையே முதலில் வை, ஜனவரி கருத்தரங்குக்கும் சுருக்கம் அனுப்பிவிடு என்றார். ஏழு வருஷத்தில் முதல் பாராட்டு.

ஸ்டாஃப் ரூமில் யாரோ பேத்திக்குக் காது குத்தியதற்கு லட்டு. எல்லோரும் ஃபோட்டோ பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன், அதற்குள் போன் அடுத்த கைக்குப் போய்விட்டது.

சுருக்கம் எழுத உட்கார்ந்து ஒரு வரிகூட ஓடவில்லை. ‘தனியே வாழும் பெண்களின் பரந்த உறவு வட்டம்’ என்று தலைப்பு மட்டும்.

நவம்பர் 13, வியாழன்

மடச்சி. வடிகட்டின மடச்சி.

கேள்வி 23-ஐ யார் யார் எத்தனை என்று வரிசைப்படுத்தச் சொன்னேன். 2, 3, 5, 8, 11. அப்புறம் நேராக 99. அடுத்ததும் 99. அதற்கடுத்ததும். பதில் இல்லாத இடத்தில் 99 போடுவது என்று நானே வைத்த குறியீடு. 99 என்றால் ‘பதில் இல்லை’ என்று சாஃப்ட்வேருக்கு ஒரு கட்டத்தில் சொல்லிவைக்க வேண்டும். சொல்லவில்லை. அது பாவம், தொண்ணூற்றொன்பது பேரிடம் பேசினார்கள் என்றே கூட்டிவிட்டது. அட்டவணைக்குக் கீழே ‘விடுபட்டவை: 0’ என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

கட்டத்தில் 99-ஐக் குறித்துவிட்டு மறுபடி ஓட விட்டேன். தனியாக இருப்பவர்கள் பக்கம் கிட்டத்தட்டக் காலி. இரண்டே பேர் மிச்சம். மற்ற எல்லோரும் 99.

லலிதா மேடத்துக்கு போன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பெருமூச்சு மட்டும். அந்தக் கேள்வியையே தூக்கிவிடு, கெடுதான் முக்கியம் என்றார்.

மதியச் சாப்பாடு: தயிர் சாதம். நேற்றும் அதேதான்.

நவம்பர் 14, வெள்ளி

லீவு போட்டேன். படிவக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். பதில் சொல்ல மறுத்தால் பக்கத்தில் ‘மறுத்தார்’ என்று எழுத வேண்டும், அதுவும் நான் வைத்த விதி. ஒரு படிவத்திலும் அப்படி இல்லை. வெறும் 99. எல்லாம் ஒற்றை அறையில் தனியாக இருக்கும் பெண்கள்.

வரிசை 1 யார் என்று தெரியவில்லை. வயது 44, தனியாக, மேனாம்பேடு. படிவத்தை எடுத்தால் என் கையெழுத்து. சர்வேக்குக் கிளம்பும் முன் ஒரு படிவத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க நானே நிரப்பியது. எடுத்துவிட மறந்திருக்கிறேன். கேள்வி 23-க்கு நானும் 99.

நாளை சென்னீர்குப்பம் போக வேண்டும். சுந்தரி அக்கா, வரிசை 47. அவர் முகம் நினைவிருக்கிறது.

நவம்பர் 15, சனி

வெயில். துணி காய்ந்தது.

சுந்தரி அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல், பாக்கிங் கம்பெனியில் வேலை. ஹைவேயிலிருந்து உள்ளே நாலாவது சந்தில் ஒரு அறை. கதவு திறந்தே இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. டீ போட்டார்.

ஒரு கேள்வி விட்டுப்போச்சுக்கா, நீங்கள் பதில் சொல்லவில்லை என்று படிவத்தைக் காட்டினேன்.

“நீ எங்க கேட்ட? எல்லாத்தியும் கேட்டுகினே வந்த. ஊட்ல யாரெல்லாம் கீறாங்கன்ன. நான் மட்டுந்தான்னேன். அப்பால பேப்பர பாத்துகினே ஒண்ண தாண்டிட்ட. நானும் உட்டுட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உண்மைதான். வாய் வரை வந்தது, கேட்க முடியவில்லை. அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். கூச்சம் அவருக்கில்லை. எத்தனை வீட்டில் இப்படித் தாண்டினேனோ, அத்தனையும் 99.

இப்போது கேட்டேன். வேலை விஷயம் தவிர, நேற்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?

“யார்ட்டயும் இல்ல. எழுதிக்கோ, இதுல இன்னா கீது.” டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, “நீ?”

ஆய்வாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் என்ன சொல்வதென்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. யாரிடமும் இல்லை என்றேன். அவர் இன்னொரு அரை டம்ளர் ஊற்றினார். பேருந்து ஏறும்போது இருட்டிவிட்டது, நேரம் போனதே தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சாஃப்ட்வேர் இலவசப் பதிப்புக்கு இன்றே கடைசி நாள். லலிதா மேடத்துக்குச் செய்தி: கேள்வி 23-ஐ எடுக்கப் போவதில்லை. தாண்டிய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகிறேன், தேதியோடு எழுதுகிறேன். அட்டவணையை காலேஜ் லேபில் முறை கிடைக்கும்போது போட்டுக்கொள்கிறேன். கெடு தவறினால் தவறட்டும். அவர் பார்த்துவிட்டார்.

வரிசை 47: 99-ஐ அழித்து 0. 

வரிசை 1: என்னுடையது, ஆய்வில் இருக்கக் கூடாது. நீக்க மெனுவைத் திறந்துவிட்டு மூடினேன். முதலில் 23-க்கு வந்து 99-ஐ அழித்தேன். ‘நேற்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?’

1 என்று போட்டேன். சேவ் செய்தேன். பிறகு வரிசையை நீக்கினேன்.