சின்னச் சக்கரமும் செவ்வந்தி மாலையும்

அக்கா,

இன்று காலை உன் காரின் முன் ரேடியேட்டர் இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு செவ்வந்தி இதழ் வந்து விழுந்தது. கருகிக் காகிதமாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பூ வாசம் துளியும் இல்லை. எண்ணெயும் சூடும் கலந்த உன் கை வாசம்தான் அடித்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

நாளை மலைப் பந்தயம். நீ இல்லாமல் உன் கார் ஏறப்போவது இதுவே முதல் தடவை. ஓட்டப்போவது நான். சிரிக்காதே.

மேசையில் இரண்டு சக்கரங்கள் கிடக்கின்றன. இரண்டும் என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட்டுக்கானவை. பெரியது பழையது, வம்புதும்புக்குப் போகாதது. சின்னது நீ ஆசைப்பட்டு வாங்கியது. அதை மாட்டினால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இறுகி உள்ளே போகும், வண்டி பிய்த்துக்கொண்டு கிளம்பும். கூடவே சூடும் ஏறும். இந்த வாரம் முழுக்க அதைக் கழற்றி இதை மாட்டுவதும், இதைக் கழற்றி அதை மாட்டுவதுமாக இருக்கிறேன். குருவிட்டையில் நம் கராஜுக்கு வருகிறவர்கள் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

சின்னச் சக்கரத்தோடு நீ ஏறிய முதல் பந்தயத்தை நினைத்துக்கொள்கிறேன். இறப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை வைத்து, அம்மா ஒரு கொழுத்த மாலையைக் கொண்டுவந்து காரின் மூக்கில் குறுக்காகக் கட்டினாள். லொறி, ஆட்டோ, டிராக்டர் எதுவானாலும் நம் லயத்து வீடுகளில் அங்கேதான் கட்டுவார்கள். அதை அவிழ்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

பாதி மலையில் வண்டி திணறியது. வளைவில் கொடியோடு நின்றவர், "ரத் வெலா, நவத்தன்ன!" என்று சிங்களத்தில் கத்தினார். சூடாகிவிட்டது, நிறுத்து என்று. நாங்கள் ஓடி வந்தபோது நீ பொனட்டைத் திறந்துவிட்டு ஆவிக்கு நடுவே நின்றாய். மாலை நசுங்கி, இதழ்கள் இடுக்கெல்லாம் அப்பிக் கிடந்தன. காற்று நுழைய வழியே இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நீ அவளைக் கட்டிக்கொண்டு, "அழுவாதீங்கம்மா. சாமி பாத்துக்கிட்டதாலதான் இஞ்சின் வெடிக்கல. ஆனா இதுக்கும் காத்து வேணுமில்ல?" என்றாய்.

அன்றிலிருந்து நமக்குச் சூட்டோடுதான் சண்டை. "காத்த இறுக்குற பூஸ்ட எவனும் கூட்டிருவான்டா தம்பி, கூட்டுனத தாங்க வைக்கணும்" என்பாய். இறுக்கிய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குத் தனித் தண்ணீர், தனிப் பம்பு வைத்தோம். முன்னால் வரும் காற்று பக்கவாட்டில் நழுவாமலிருக்க அலுமினியத் தகட்டில் கூடு கட்டினோம். தண்ணீர்க் குழாயில் காற்றுக் குமிழி தங்கக் கூடாது என்று, கோயில் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்கக் காரை நிறுத்தி மூடியைத் திறந்து வைப்போம். பால் வாளியோடு இறப்பர் மலையிலிருந்து இறங்குகிறவர்கள், "என்னா, வண்டிக்கு மருந்து ஊத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீ ரோட்டோரம் குந்திக்கொண்டு, ரொட்டியைச் சம்பலில் தொட்டபடி, குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

அத்தனையும் செய்து முடித்து, ஓட்டிப் பார்ப்பதற்குள் உனக்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். "இதுதானாடா என்னோட இன்டர்கூலர்? பத்தாது, பெருசா போடு" என்றாய். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். நான் துணியை நனைத்து நனைத்துப் போட்டேன். சூடு இறங்கவில்லை. எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது அக்கா. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

அதனால்தான் இந்தப் பயம். பெரிய சக்கரத்தை மாட்டினால் மெதுவாகவாவது உச்சிக்குப் போய்விடலாம். சின்னதை மாட்டி என்ஜின் கொதித்துப் போனால்? நீ உன் கையால் ஒவ்வொன்றாகப் பூட்டிய என்ஜின். உன்னுடையது என்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அதுதான். இன்று மத்தியானம் சின்னதை மாட்டித் தோட்டத்து ரோட்டில் விரட்டிப் பார்த்தேன். சூடு காட்டும் முள் எல்லை தாண்டவில்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் மறுபடி கழற்றிப் போட்டேன்.

சாயங்காலம் அம்மா மாலையோடு வந்தாள். முன்னால் கட்ட வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் காரின் மூக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய் பம்பரில் கட்டினாள்.

"முன்னுக்கு வேணாம்யா. காத்து போவட்டும். அவ சொன்னது ஞாபகமிருக்கு."

பிறகு மேசையைப் பார்த்தாள்.

"இதுல அவ வாங்குனது எது?"

காட்டினேன்.

"அப்ப அத போடு."

போட்டுவிட்டேன். பெரியதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன். கோயில் ஏற்றம் வரை ஒரு தரம் விரட்டி ஏறித் திரும்பினேன். "ஓடி வந்தவன ஒடனே படுக்க போடாதடா" என்று நீ அதட்டுவாயே, அதை மட்டும் நான் ஒரு நாளும் மீறியதில்லை. யாருடைய வண்டியானாலும், சூடு தணியும் வரை என்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இன்றும் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பம்பின் சத்தம் கேட்டபடி இருந்தது. இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"எறங்குதுய்யா," என்றாள்.