குத்தியும் நோகாத கால்

கமலா மச்சாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கடுதாசிக்குக் கிட்ட வாங்கோ. ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டுப் போகிறேன்.

விருந்தினருக்குக் கோதுமைப் பிட்டு அவிக்க நான் எனக்கென்று தனியாக வைத்திருந்த ஓலை நீத்துப்பெட்டியையும் எடுத்தீர்கள். கழுவித்தான் வைத்தீர்கள். ஆனாலும் ஓலை இடுக்கில் ஒட்டியிருந்த மா மறுநாள் என் அரிசிப் பிட்டில் சேர்ந்துவிட்டது. கோதுமை துளி பட்டாலே எனக்கு நரம்பு கெட்டுவிடும் என்று டாக்குத்தர் சொன்னது உங்களுக்கும் தெரியும். கை நடுங்கிற்று. முழங்காலுக்குக் கீழே விறைத்துப்போயிற்று. அது தெரியாமல் வந்த பிழை, அதற்கு நான் கோபிக்கவில்லை.

நேற்று மத்தியானம் நான் சாய்மனைக் கதிரையில் கிடக்க, உங்கள் மகள் சுபாஜினியிடம், "உவவின்ரை விறைப்பெல்லாம் நடிப்படி. பார், இப்ப துள்ளி எழும்புவா," என்று சொல்லி என் காலில் குண்டூசியால் குத்தினீர்கள்.

நான் நித்திரையில்லை, மச்சாள். அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். ஊசி இறங்குவதைக் கண்டேன். இரத்தம் பொட்டாய் வருவதையும் கண்டேன். நோவு மட்டும் வரவில்லை. நீங்கள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "ஆருக்கும் சொல்லிப்போடாதை," என்றீர்கள்.

சோறும் கத்தரிக்காய்க் கறியும் மூடி வைத்திருக்கிறேன். அலுமாரியைப் பூட்டிய திறப்பு சாமியறையில் இருக்கிறது. ஓட்டோ பிடித்து நெல்லியடிக்கு டாக்குத்தரிடம் போகிறேன். காலில் என்ன காயம் என்று கேட்டால், "என்ரை மச்சாள் சோதிச்சுப் பாத்தவ, ஐயா. இப்ப அவவுக்கு நம்பிக்கை வந்திட்டுது," என்று சொல்லுவேன்.

அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது: வரும்போது புது நீத்துப்பெட்டி வாங்கி வருவேன். அதைத் தொடாதேயுங்கோ.

இந்த வீட்டில் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும், ஊசி பட்டால் நோகிற கால்கள் நூறு வயது வரைக்கும் இருக்கட்டும்.